வாலாட்டிய காவல்

மூங்கில்மலை நாட்டுக்கு மதில் கிடையாது, நாய்கள்தாம் மதில். கணவாய் வாசலில் நாற்பது நாய்கள். இடுப்பில் வசம்புப் பை கட்டியவர் வந்தால் வாலாட்டும், மற்றவரைக் குதறிவிடும். பழக்கியவள் வெள்ளச்சி. வசம்பு ரகசியம் நாட்டு எல்லையைத் தாண்டியதே இல்லை.

அரசர் மாறவேள் அக்கம்பக்கத்து நான்கு நாடுகளோடு கூட்டுச் சேர்ந்தார். ஒரு நாட்டுக்கு ஆபத்தென்றால் மலையுச்சியில் தீ மூட்ட வேண்டும், மற்றவர்கள் ஓடி வர வேண்டும். மூன்று நாடுகள் அரை நாள் நடை. நெய்வயல் மட்டும் ஒரு முழுப் பகல் நடை. உதவிக்கு வருகிறவர்களை நாய் கடிக்கலாமா? நான்கு தளபதிகளுக்கும் வசம்புப் பைகள் கொடுக்கச் சொன்னார் அரசர்.

வெள்ளச்சி பதறிப்போனாள். "ஆத்தாடி! வீட்டுச் சாவியை ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்டால் பூட்டு எதற்கு அரசே?"

"தனியாக நின்றால் நம் பகைவரான வடக்குப் படை மூன்றே நாளில் நம்மை விழுங்கிவிடும் அம்மா."

"அப்படியானால் ஒரு பை தொலைந்தாலும் அன்றைக்கே எனக்குச் சொல்லி அனுப்பட்டும். ஏழு நாளில் நாய்களை வேறு வாசனைக்கு மாற்றிவிடுவேன்."

நான்கு தளபதிகளும் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தார்கள்.

ஆறு மாதம் போயிற்று. ஒரு விடியற்காலை வெள்ளச்சி நாய்களுக்குக் கூழ் எடுத்துவந்தாள். வாசல் திறந்து கிடந்தது. காவலுக்கு நின்ற அவள் தம்பி மாயாண்டி வெட்டுப்பட்டுக் கிடந்தான். வடக்குப் படைவீரன் ஒருவனின் கையை அவளுடைய நாய் நக்கிக்கொண்டிருந்தது. அவன் இடுப்பில் வசம்புப் பை! அத்தனை வீரர்கள் இடுப்பிலும் பை! கூழ்ச் சட்டியை அப்படியே போட்டுவிட்டு உச்சிக்கு ஓடித் தீ மூட்டினாள்.

வெயில் ஏறுமுன் நெய்வயல் தளபதி அரும்பனின் படை வந்து மோதியது. உச்சிப்பொழுதுக்கு மற்ற மூன்று படைகளும் வந்தன. பொழுது சாய்வதற்குள் கணவாய் மீண்டது. எல்லாருக்கும் முன்னால் வந்த அரும்பனுக்கு மாலை விழுந்தது.

சபை கூடியது. தங்கள் பைகள் பத்திரமாக இருக்கின்றன என்று நால்வரும் எடுத்துக் காட்டினார்கள். துணியும் வசம்பும் எந்தச் சந்தையிலும் கிடைக்குமே, காட்டுவதற்கு என்ன?

மூங்கில்மலைப் படைத்தலைவர் எயினப்பன் சீறினார். "நாய்க்காரிதான் ரகசியத்தை விற்றிருக்கிறாள்! இவளையும் நாய்களையும் வெட்டுங்கள். இந்தக் கூட்டையும் முறித்துப் போடுங்கள்!"

"விற்பவள் தன் தம்பியையா வாசலில் நிறுத்துவாள்?" என்று வெடித்தாள் வெள்ளச்சி. பிறகு சபையை ஒரு சுற்றுப் பார்த்தாள். மாலையும் கழுத்துமாக நின்றவனிடம் அவள் பார்வை நின்றுவிட்டது.

சொல்லுங்கள் ஐயா, சத்தியம் தவறியவர் யார்? கூட்டை முறிப்பது சரியா?

விடை: அரும்பன். விடிந்தபின் மூட்டிய தீயைப் பார்த்துக் கிளம்பியவன், ஒரு பகல் நடையை வெயில் ஏறுமுன் எப்படிக் கடந்தான்? பை தொலைந்தது தெரிந்து, வெட்கத்தில் வாயை மூடிக்கொண்டு, பயத்தில் படையோடு கணவாய்க்குப் பக்கத்துக் காட்டில் வந்து காத்திருந்தான். அவன் தொலைத்த ஒரு பையைப் பார்த்துத்தான் வடக்குப் படை அத்தனை பைகளையும் தைத்துக்கொண்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தான். தொலைத்தது பிழை, மறைத்தது குற்றம். கூட்டை முறிக்கக் கூடாது, அது இல்லாவிட்டால் கணவாய் மீண்டிருக்காது. நாய்களைத் தொடவும் கூடாது, பழக்கியபடியே அவை நடந்துகொண்டன. அவன் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தால் மாயாண்டி இன்று உயிரோடு இருப்பான்.