கண்ணாடிக்கு வெளியே நாலு பேர்

பஹ்ரைன் நாட்டு மனாமாவில் கடலை ஒட்டி ஒரு பெரிய ஓட்டல். அங்கே தண்ணீர் குடிக்கவே கோட்டு போட வேண்டும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! படகிலிருந்து இறங்கும் மீனை அப்படியே சமைத்துத் தருவது அவர்கள் பெருமை.

சுற்றிப் பார்க்க வந்த சென்னைப் பணக்காரர் கோபாலரத்தினம், ஒரு மத்தியானம் களவா மீன் கேட்டுவிட்டுக் கண்ணாடி வழியே பார்த்தார். வெளியே மீனவர்கள் நாலு பேர் படகைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஏய், சாப்பிடுற நேரத்துல இந்த அழுக்குப் பயலுகளையா பாக்கணும்? உடனே விரட்டு. இல்லேன்னா இன்னிக்கே உன் வேலை போயிடும்!"

பரிமாறுகிற சூசைநாயகம், குமரிக் கடற்கரையில் உள்ள கடியப்பட்டணத்து மீனவர் மகன். "சரிங்க ஐயா" என்று போய்ச் சொன்னான். படகு திரும்பிப் போனது.

அரைமணி கழித்து, "என் மீன் எங்கேடா?" என்று கத்தினார் கோபாலரத்தினம்.

"நீங்க விரட்டச் சொன்ன படகுலதான் ஐயா இருந்துச்சு. அவங்க போயிருவாங்க, மீன் மட்டும் இங்கே நிக்கும்னு நினைச்சீங்களா?"

கூடமே சிரித்தது. மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை. மறுநாளே சூசைநாயகத்தை ஊருக்கு விமானம் ஏற்றிவிட்டு, அந்தக் கண்ணாடிக்குத் திரை போட்டார். இப்போது கடல் பார்க்க வருகிறவர்கள் துணியைப் பார்த்துக்கொண்டு மீன் தின்கிறார்கள்.