ஆறு மணி நேர ‘அதாவது’

மேலக்கூவலூர் ஊராட்சித் தேர்தல்ல நின்ன குழந்தைவேலு தங்கமான மனுஷன். மூளைதான் கொஞ்சம் மெதுவா வரும். அவர் கூடவே திரிஞ்ச சடையப்பன், அரங்கண்ணல் கோஷ்டிக்கு அதுவும் வராது. ஊர்ல குடிக்கச் சொட்டுத் தண்ணி இல்லை. பொம்பளைங்க ஒரே முடிவா சொல்லிட்டாங்க: "தண்ணிக்கு வழி சொல்றவருக்குத்தான் ஓட்டு."

கேபிள் டிவியிலேருந்து திலகவதின்னு ஒரு பொண்ணு பேட்டி எடுக்க வர்றதாத் தகவல் வந்தது. டவுன்ல கட்சிக்காரங்களுக்குப் பேசக் கத்துக்கொடுக்கிற ஒருத்தர்கிட்ட கோஷ்டிக்காரங்க யோசனை கேட்டாங்க.

"கேள்வி வந்ததும் பதிலுக்குப் பாயாதீங்க. ‘அதாவது’, ‘பாருங்க’, ‘என்னைப் பொறுத்தவரைக்கும்’னு இழுத்துக்கிட்டே இருங்க. அதுக்குள்ள பதில் தயாராயிடும்" என்றார் அவர்.

கோஷ்டி கூடி யோசிச்சது.

"தண்ணி எப்ப வரும்னுதான் கேப்பாங்க," என்றான் சடையப்பன். "தண்ணியே வராம பதில் எப்படிய்யா தயாராகும்?"

"காஞ்சு கெடக்கிற ஆத்துல ஊத்துத் தோண்ட ஆறு மணி நேரம் ஆகுமே," என்று அரங்கண்ணல் கவலைப்பட்டான்.

"மூணு வார்த்தை இருக்கே. தலைவர் சமாளிச்சிருவார்," என்றான் சடையப்பன்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பள்ளிக்கூட வாசல்ல திலகவதி மைக்கை நீட்டினாள். "ஐயா, ஊருக்குத் தண்ணி எப்ப வரும்?"

"அதாவது..." என்றார் குழந்தைவேலு. கோஷ்டி மண்வெட்டியோட ஆத்துக்கு ஓடிச்சு.

பதினொன்றரைக்கு அவர் ‘பாருங்க’வுக்கு வந்திருந்தார். கேமராக்காரர் டீ குடிச்சிட்டு வந்தார். திலகவதி சாப்பிட்டுத் திரும்பினப்ப ‘என்னைப் பொறுத்தவரைக்கும்’ நடந்துக்கிட்டிருந்தது. மனுஷனுக்குத் தொண்டை காஞ்சு கண்ணு பிதுங்கிப்போச்சு, பாவம்!

நாலு மணிக்கு ஆத்துப் பக்கம் ஒரே கூச்சல். எட்டடியில ஊத்து பொத்துக்கிட்டு வந்திருச்சு! பொம்பளைங்க குடத்தைத் தூக்கிக்கிட்டு ஓடினாங்க. சடையப்பன் ஒரு சொம்புத் தண்ணியைக் கொண்டாந்து தலைவர் கையில கொடுத்தான். அவர் மடமடன்னு குடிச்சார்.

வாயைத் துடைச்சுக்கிட்டு, கேமராவைப் பார்த்து, எல்லா வேட்பாளரும் சொல்றதையே அவரும் சொன்னார்: "நான் ஜெயிச்சு ஆறே மாசத்துல ஊருக்குத் தண்ணி வரும்!"

கோஷ்டி ஓரமா ஒதுங்கிச்சு.

"ஐயையோ, தலைவர் டிவியில வாக்குக் கொடுத்துட்டாரே!" என்றான் அரங்கண்ணல். "இப்பவே தண்ணி வந்தா அவர் சொன்னது பொய்யாயிடாதா?"

"ஒரு ஓட்டுகூட விழாதுடா. எடு மண்வெட்டியை!" என்றான் சடையப்பன்.

பொழுது சாயறதுக்குள்ள ஊத்தை மூடி, மேலே மண்ணைப் போட்டு மிதிச்சுட்டாங்க. முறை வராம காலிக்குடமும் கையுமா நின்ன பொம்பளைங்ககிட்ட சடையப்பன் பணிவா சொன்னான்: "கோவிச்சுக்காதீங்கக்கா. தண்ணி எங்கேயும் போயிடாது, உள்ளேதான் இருக்கு. ஓட்டைப் போட்டுட்டு ஆறு மாசம் கழிச்சு வாங்க."