முத்திரையில்லாத இருக்கை

காட்டை அழிக்காமல் வெட்டிய மரத்துக்குத் தனி முத்திரை உண்டென்று மலைநாட்டு அரசரும் துறைநாட்டு அரசரும் ஒரே நாளில் அறிவித்தனர். மூன்றாண்டுகளில் துறைநாட்டு மரமெல்லாம் முத்திரை பெற்றது. மலைநாட்டில் ஒரு கட்டைகூடப் பெறவில்லை.

அமைச்சர் விசயராயர் மரவெட்டிகளின் தலைவன் கொன்றையனை அவைக்கு அழைத்தார்.

"துறைநாட்டார் ஓடிப்போய்ப் பெறும் முத்திரை உங்களுக்கு மட்டும் கசக்கிறதோ? சோம்பேறிகளே! நாளைக் காலையில் உன் ஆட்கள் முத்திரை கேட்டு வரிசையில் நிற்க வேண்டும். தவறினால், குடும்பத்தோடு காட்டைவிட்டு வெளியேறுங்கள்!"

"நிற்பார்கள் ஐயா. முத்திரையில்லாத மரத்தில் இனி அமர மாட்டேன் என்று தாங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்."

"இவ்வளவுதானா? அமர மாட்டேன்!"

கொன்றையன் கைகூப்பினான். "அப்படியானால் ஐயா எழுந்துகொள்ளலாம். அந்த நாற்காலி, போன மாதம் நாங்கள் கொடுத்த தேக்கு. முத்திரை உண்டா என்று அரண்மனையில் யாருமே கேட்கவில்லையே!"

அவை சிரித்தது. அமைச்சர் எழுந்தார்.

"துறைநாட்டில் மட்டும் எப்படி நடந்தது?" என்றார் அரசர்.

"அவர்கள் மரம் கப்பலேறுகிறது, அரசே. முத்திரையைப் பார்க்காமல் அக்கரை வணிகர் கட்டையைத் தொடவே மாட்டார். எங்கள் மரத்தை வாங்குவதோ இந்த அரண்மனை."

அரசர் குனிந்து அரியணையின் காலைப் பார்த்தார். பிறகு அவரும் எழுந்தார்.

மறுநாள் விடியலிலேயே மரவெட்டிகள் வரிசையில் நின்றனர். முத்திரை பெற்ற மரத்தில் இருக்கைகள் செய்து முடியும்வரை அவை நின்றபடியே நடந்தது. வழக்குகள் எல்லாம் விரைவாக முடிந்ததில் குடிமக்களுக்குப் பெருமகிழ்ச்சி.