பொறுக்காமல் வந்த பிள்ளை

மருத்துவர் ஸ்டெல்லாவுக்கு முப்பத்தேழு வயது. அவரிடம் பிரசவம் பார்க்கப் படித்த மரகதவல்லிக்கு நாற்பத்திரண்டு. இரண்டு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிவிட்டு மேற்படிப்புக்கு வந்தவர். அதனால் வாயும் கொஞ்சம் நீளம்.

அன்று ஏழாம் மாதப் பரிசோதனைக்கு இசக்கியம்மாள் வந்திருந்தாள். வீட்டுக் கஷ்டத்தில் ஒரு கருவை இதே மருத்துவமனையில் மாத்திரை வாங்கிக் கலைத்தவள். அடுத்ததற்கு ஆறு மாதமாவது பொறுக்கச் சொல்லி அனுப்பினார்கள். நான்கே மாதத்தில் உண்டாகிவிட்டாள். இப்போது போன மாதத்தைவிட எடை ஏறவே இல்லை.

“ஒழுங்காச் சாப்பிடுதியா?” என்றார் ஸ்டெல்லா.

“செவ்வாயும் வெள்ளியும் பச்சத்தண்ணி பல்லுல படாம விரதம் இருக்கேம்மா.”

“எதுக்கு?”

இசக்கியம்மாள் மரகதவல்லியைப் பார்த்தாள். “இந்தம்மாதான் போன தடவ சொன்னாவ, பொறுக்காம உண்டாயிட்டியே, பிள்ளைக்கு ஏதாவது ஆனா யாரு பொறுப்புன்னு. அதான் சாமிகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு இருக்கேன்.”

மரகதவல்லி அன்று போகிறபோக்கில் திட்டிவிட்டு மறந்தே போயிருந்தார்.

ஸ்டெல்லா நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

“பொறுத்தா நல்லதுன்னுதான் சொல்லுதோம். பொறுக்கலன்னா பிள்ளை கெட்டுப்போவும்னு யாரும் சொல்லல. ஸ்கேன்ல உன் பிள்ளை நல்லாத்தான் இருக்கு. நீ அதைப் பட்டினி போடாம இருந்தாப் போதும்.”

பிறகு தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து நீட்டினார். அன்று வெள்ளிக்கிழமை. இசக்கியம்மாள் தயங்கித் தயங்கி முதல் வாய் வைத்தாள்.

அவள் போனதும் மரகதவல்லி கேட்டார். “நான் சொன்னது தப்பா மேடம்? பொறுக்கணும்னு புஸ்தகத்துலயே இருக்கே?”

ஸ்டெல்லா டப்பாவைக் கழுவப் போய்விட்டார்.

அதற்கப்புறம் மரகதவல்லிக்கு நிம்மதியே இல்லை. வாராவாரம் இசக்கியம்மாளை வரவழைத்து எடை பார்த்தார். ஊரிலுள்ள சாமிகளையெல்லாம் இப்போது அவர் கும்பிட்டார்.

மாதம் நிறைந்து பிள்ளை பிறந்தது. இரண்டே முக்கால் கிலோ. அது போட்ட கூச்சலில் பக்கத்து வார்டே எட்டிப் பார்த்தது. மரகதவல்லிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

இசக்கியம்மாள் பிள்ளையை அணைத்துக்கொண்டு கேட்டாள். “அடுத்ததுக்கு எத்தன நாள் பொறுக்கணும்மா?”

மரகதவல்லி ஏதோ சொல்ல வந்தார். பிறகு ஸ்டெல்லாவைப் பார்த்தார்.

“இப்பச் சொல்லுங்க” என்றார் ஸ்டெல்லா. “உண்டாகுறதுக்கு முந்தி, இப்பதான் பொறுக்கணும்ங்கிற பேச்சு அவளுக்கு உதவும்.”