குகைக்குள் போன பணியாரங்கள்

ஒரு காட்டில், மூங்கில் புதர்கள் முடிந்து கரும்பாறைகள் தொடங்கும் இடத்தில், ஒரு சருகுமான் பணியாரக் கடை வைத்திருந்தது. சருகுமான் என்றால், குழந்தைகளே, முயலைவிடச் சற்றே பெரிய குட்டி மான். காய்ந்த சருகின்மேல் நடந்தாலும் அதன் காலடிச் சத்தம் கேட்காது. யாராவது எதையாவது கேட்டுவிட்டால் "முடியாது" என்று சொல்லவும் அதற்கு வராது.

கடை என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஓர் அடுப்பு, ஒரு குழிக்கல், உட்கார ஒரு மரக்கட்டை, அவ்வளவுதான். தினை மாவில் தேன் விட்டுக் கரைத்து அது ஊற்றும் பணியாரம் மட்டும் அத்தனை ருசி.

தினமும் போணி செய்வது அணில். வாங்குவது ஒரே ஒரு பணியாரம். சொல்லும் குறையோ ஒரு கூடை.

"அக்கா, நேத்து தேன் கம்மி. இன்னைக்கு ஓரம் கருகிப்போச்சு. ஒரு துண்டு கொசுறு போடுங்க, சரியாப் போகும்."

அடுத்து கோபக்காரக் கீரி வரும். அதற்குப் பசி பொறுக்காது. பிறகு மைனாக்கள் வந்து, காட்டு வம்பெல்லாம் பேசியபடி பங்கு போட்டுத் தின்னும். ஆமை வந்து சேர வெயில் ஏறிவிடும். அதற்கென்று எடுத்து வைக்க வேண்டும். எல்லாரும் ஒரு பிடி தினையோ கொஞ்சம் தேனோ கொடுப்பார்கள். அன்றாடம் வயிறு நிறைந்தது. ஆனால் மழைக்காலத்துக்கு என்று எதுவும் மிஞ்சவில்லை. அந்தக் கவலை சருகுமானை அரித்துக்கொண்டே இருந்தது.

ஒருநாள் உச்சிவெயிலில் காடு முழுவதும் கண்ணயர்ந்திருந்தது. அப்போது பாறைகளுக்கு நடுவில் இருந்த குகையிலிருந்து ஒரு குரல் வந்தது. அந்தக் குகைப் பக்கம் எந்தப் பறவையும் கூடு கட்டுவதில்லை. ஏன் என்று யாரும் யோசித்ததும் இல்லை.

"பணியாரம் விற்பவளே, மீதி இருப்பதையெல்லாம் நான் வாங்கிக்கொள்கிறேன். வாசலில் வைத்துவிட்டுப் போ."

சருகுமான் வைத்தது. வாசலில் ஒரு மூட்டை தினை இருந்தது. மூட்டையின் வாயில் இருந்த முறுக்கு முடிச்சைப் பார்த்ததும் அதற்கு அடையாளம் தெரிந்துவிட்டது. ஓடைக்கரையில் தானியக் கடை வைத்திருந்த முயல் போடும் முடிச்சு அது. முயலுக்குத் தொழிலில் அப்படி ஒரு பிடிப்பு; தூங்கும்போதுகூடத் தராசைக் கழுத்தில் மாட்டியிருக்கும். நன்றாகச் சம்பாதித்து வேறு காட்டுக்குப் போய்விட்டது என்று மைனாக்கள் சொன்னார்கள். தேன் விற்ற மரநாயும் அப்படித்தான் போனதாம்.

'முயலண்ணன் இவருக்குத்தான் வித்திருக்கார் போல. அதான் மேலே வந்துட்டார்' என்று நினைத்தது சருகுமான்.

மறுநாள் அந்தக் குரல் கேட்டது: "உன் கடைக்கு யார் யார் வருகிறார்கள்?"

சருகுமான் ஒவ்வொருவராகச் சொன்னது.

"அத்தனை பேரா?" என்றது குரல். "அவர்களுக்கு விற்பதை நிறுத்து. எல்லாவற்றையும் எனக்கே கொண்டு வா. இரட்டிப்பாகத் தருகிறேன்."

முடியாது என்று சருகுமானால் சொல்ல முடியவில்லை. உண்மையைச் சொன்னால், சொல்ல அதற்கு மனமும் இல்லை.

"இனிமே இங்க விக்கிறதில்லைங்க" என்றதும் கீரி மரக்கட்டையை உதைத்துவிட்டுப் போனது. ஆமை தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, வந்த தூரத்தையெல்லாம் திரும்ப நடந்தது. "அக்காவும் சீக்கிரம் வேற காட்டுக்குப் போயிடுவாங்க" என்று மைனாக்கள் பரப்பினார்கள். அணில் மட்டும் நகரவே இல்லை.

"ஒண்ணே ஒண்ணுதானே கேக்குறேன்? போணி ஆகாம எப்படிக்கா கடை நடத்துவீங்க?"

தொல்லை விட்டால் போதும் என்று, தினமும் ஒரு பணியாரத்தை மரக்கட்டைமேல் இலை போட்டு மூடி வைத்துவிட்டுப் போனது சருகுமான். அதைக் குரலிடம் சொல்லவில்லை. அணில் வந்து தின்றுவிட்டு, "உப்பு ஜாஸ்தி" என்று ஆளில்லாத கடையிடம் முறையிட்டுவிட்டுப் போகும்.

நாட்கள் போயின. மூட்டைகள் சேர்ந்தன. "வாசலில் ஈ மொய்க்கிறது, சற்று உள்ளே வை" என்றது குரல். பிறகு, "இன்னும் சற்று உள்ளே." குகை சில்லென்று இருந்தது. எங்கிருந்தோ ஒரு புளித்த வாடை வந்தது. அவ்வப்போது அதே கேள்வி.

"இப்போது உன் கடைக்கு யார் வருகிறார்கள்?"

"யாரும் வர்றதில்லைங்க."

"நல்லது."

அந்த "நல்லது" சருகுமானுக்குப் பிடிக்கவே இல்லை. ஆனால் தினை நன்றாக இருந்தது.

வானம் கறுத்து மழைக்காலம் நெருங்கியபோது, குரல் இரண்டு கூடை கேட்டது. சருகுமான் விடியும் முன்பே மாவு கரைத்து, மூச்சு வாங்க வாங்க ஊற்றி எடுத்தது. அந்த அவசரத்தில் அணிலுக்கு எடுத்து வைக்க மறந்துபோனது.

"இன்று கடைசி வரை உள்ளே வா. மழைக்காலம் முழுமைக்கும் வேண்டியது இங்கே இருக்கிறது. நீயே எடுத்துக்கொள்" என்றது குரல்.

சருகுமான் உள்ளே போனது. மெல்ல மெல்ல இருட்டு கண்ணுக்குப் பழகியது.

முதலில் தெரிந்தவை பணியாரங்கள். அது ஊற்றிய அத்தனை பணியாரங்களும் பச்சைப் பூசணம் பிடித்துக் குவிந்து கிடந்தன. ஒன்றில்கூடப் பல் பட்டிருக்கவில்லை. அதற்கப்பால் மரநாய் விற்ற தேன் குடுவைகள், உடைக்காமலே இருந்தன. அதற்கும் அப்பால், கயிறு அறுந்து, முயலின் தராசு கிடந்தது.

தராசை விட்டுவிட்டு முயல் எங்கேயும் போயிருக்காது.

"நீங்க... ஒண்ணுகூடச் சாப்பிடலையா?"

"நான் பணியாரம் தின்பதில்லை." குரல் இப்போது பின்னாலிருந்து வந்தது.

வாசல் வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. இத்தனை நாளும் சருகுமான் சுவர் என்று நினைத்துச் சாய்ந்து நின்ற ஒன்று மெதுவாக நகர்ந்தது. அது ஒரு மலைப்பாம்பு.

"ஒன்று மட்டும் சொல்" என்றது மலைப்பாம்பு. "உன்னைத் தேடி யாராவது வருவார்களா? தேட ஆள் உள்ளவர்களைத் தின்றால் எனக்குத்தான் தொல்லை. காடே இங்கே வந்து நிற்கும்."

சருகுமான் வாய் திறந்தது. கீரியை நினைத்தது. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடந்த ஆமையை நினைத்தது. தானே விரட்டியவர்கள் எப்படி வருவார்கள்?

"யாரும்..."

"அக்கா, என் பணியாரம் எங்க?"

குகை வாசலில் அணில் நின்றது.

"கட்டைமேல இலை இருக்கு, பணியாரத்தைக் காணோம். போணி பண்ண வந்தவனை இப்படியா அலைய விடுறது? வாசனை பிடிச்சே வந்துட்டேன். வழியில கீரியண்ணன்கிட்டச் சொன்னேன், மைனாங்ககிட்டச் சொன்னேன். எல்லாரும் நியாயம் கேக்க வந்திருக்கோம்."

அப்போதுதான் அணில் மலைப்பாம்பைப் பார்த்தது. வாலைத் தூக்கிக்கொண்டு அது கீச்சிட்ட கீச்சில் காடே விழித்துக்கொண்டது. மைனாக்கள் கத்தியபடி வாசலை அடைத்துப் பறந்தார்கள். மயிரைச் சிலிர்த்துக்கொண்டு கீரி உள்ளே வந்தது. பணியாரம் தின்று பல நாளான கோபமெல்லாம் அதன் கண்ணில் இருந்தது.

மலைப்பாம்பு அவசரப்படவில்லை. பாறை இடுக்கில் தலையை நுழைத்தது. "யாரும் இல்லை என்றாயே" என்றது வருத்தமாக. பிறகு அந்த நீளம் முழுவதும் இடுக்குக்குள் வழிந்து மறைந்தது. எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை.

மறுநாள் கடை திறந்தது. போணி அணிலுடையது.

"ஓரம் கருகிப்போச்சு" என்றது அணில்.

"ஆமாண்டா தம்பி" என்று சொல்லி, ஒரு முழுப் பணியாரத்தையே கொசுறாகப் போட்டது சருகுமான்.

வெயில் ஏறி ஆமையும் வந்து சேர்ந்தது. சில நாட்கள் கழித்து, ஒரு காலையில் மைனாக்கள் வம்பு பேச உட்கார்ந்தார்கள். "கிழக்குப் பக்கம் காடை புதுசாப் பாய்க்கடை போட்டிருக்கு. முடையுற பாயெல்லாம் ஒருத்தரே வாங்கிக்கிறாராம். அதிர்ஷ்டம்தான்."

சருகுமானின் கை நின்றது. "யாரு அவர்? பாத்தீங்களா?"

"யாரும் பார்த்ததில்லையாம் அக்கா. குரல் மட்டும்தானாம்."

குழிக்கல்லில் பணியாரம் கருகிக்கொண்டிருந்தது. சருகுமான் திரும்பிப் பார்க்காமல் கிழக்கு நோக்கி ஓடியது. அன்றுதான் முதல்முறையாக அதன் காலடியில் சருகுகள் சத்தம் போட்டன.

நீதி: மொத்தமாக வாங்கும் ஒருவருக்காக, தினமும் வந்து ஒன்று வாங்கும் பலரைக் கைவிடாதே.