வெள்ளை என்றால் கையெழுத்து

அன்று அம்பலவாணர் செருப்பைக் கழற்ற மறந்து மடத்துக்குள் வந்துவிட்டார். முற்றத்தைப் பாதி தாண்டிய பிறகுதான் தெரிந்தது. திரும்பிப் போய்க் கழற்றினார். வாசலில் அவர் வந்த ஆட்டோ நின்றுகொண்டிருந்தது.

உலகம்மை துளசிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். ஆற்றங்கரையில் இருந்த அந்தச் சிறிய மடத்தின் குரு அவர்தான். வயது நாற்பத்தாறு. சீடரான அம்பலவாணருக்கு அறுபத்து மூன்று. கல்லூரியில் தருக்கம் கற்பித்து ஓய்வு பெற்றவர்.

மூன்று வருடமாக வியாழக்கிழமைதோறும் வந்து ஒரே கேள்வியைத்தான் கேட்பார். எல்லாம் வல்ல கடவுள் தருக்கத்துக்குக் கட்டுப்பட்டவரா? கேட்டுவிட்டு அவரே பதிலும் சொல்வார். கட்டுப்பட்டவர். வட்டமான சதுரத்தை அவராலும் வரைய முடியாது.

உலகம்மை மறுத்ததும் இல்லை, ஒப்புக்கொண்டதும் இல்லை. "மோர் குடிக்கிறீங்களா, பேராசிரியரே?" என்று கேட்பார்.

அன்று செவ்வாய்க்கிழமை.

"பூக்கட்டிப் பார்க்கணும்மா," என்றார் அம்பலவாணர்.

உலகம்மை செம்பைக் கீழே வைத்தார். "நீங்களா?"

"சிரிக்காதீங்க."

"சிரிக்கலை. சொல்லுங்க."

"ஆவுடைக்குத் தலைக்குள்ள கட்டி." ஆவுடை அவர் மனைவி. "எடுத்தா உயிர் நிக்கும், பேச்சு போயிரும்னு டாக்டர் சொல்றார். எடுக்காட்டா மூணு மாசம். நாலு மணிக்குள்ள நான் கையெழுத்துப் போட்டா இன்னைக்கே உள்ள கொண்டு போயிருவாங்க."

"இப்போ மணி என்ன?"

"ரெண்டே முக்கால்."

ஆற்றில் யாரோ துணி துவைக்கும் சத்தம் கேட்டது.

"வெள்ளை வந்தா கையெழுத்து," என்றார் அம்பலவாணர். "சிவப்பு வந்தா இல்லை. ஒண்ணு போடணும், இல்லைன்னா போடாம இருக்கணும். நடுவுல எதுவும் கிடையாது. இதுல இருந்து கடவுளாலயும் தப்பிக்க முடியாது. இன்னைக்கு அவர் பதில் சொல்லித்தான் ஆகணும்."

"அவரைக் கட்டிப் போட்டுட்டீங்க."

"வேற வழி இல்லைம்மா."

முற்றத்து ஓரத்தில் நந்தியாவட்டையும் செவ்வரளியும் பூத்திருந்தன. உலகம்மை பறித்துக்கொண்டு உள்ளே போனார். வாழையிலைத் துண்டுகளில் பூவை மடித்து, நாரால் கட்டி, இரண்டு பொட்டலங்களைச் சிவலிங்கத்தின் முன் வைத்தார்.

"எடுங்க."

அம்பலவாணர் கண்ணை மூடினார். கை வலப்பக்கம் போய், நின்று, இடப்பக்கம் வந்தது. எடுத்தார். நாரின் முடிச்சு அவிழவில்லை. பல்லால் கடித்து இழுத்தார்.

சிவப்பு.

அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே ஆட்டோக்காரர் ஒருமுறை ஹாரன் அடித்தார்.

"சொல்லிட்டார்," என்றார் உலகம்மை. "கிளம்புங்க."

அம்பலவாணர் நகரவில்லை. "இன்னொரு தடவை பார்ப்போமே."

"எதுக்கு? அவர் கட்டுப்பட்டவர்னு சொன்னீங்க. நீங்க கட்டுப்பட மாட்டீங்களா?"

"அம்மா."

"சரி. மத்ததையும் பிரிங்க."

பிரித்தார். அதிலும் செவ்வரளி.

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. "ரெண்டுலயும் சிவப்பையே வச்சிருக்கீங்க."

"ஆமா."

"ஒரு உயிரை வச்சு விளையாடுறீங்களா?" மூன்று வருடத்தில் அவர் அங்கே குரலை உயர்த்தியதில்லை. "நேரம் ஓடுது. நான் என்ன கேட்டு வந்தேன், நீங்க என்ன செய்றீங்க. ரெண்டும் சிவப்புன்னா அவர் வெள்ளைன்னு எப்படிச் சொல்லுவார்?"

"எல்லாம் வல்லவர்தானே. இலைக்குள்ளேயே வெள்ளையா மாத்தியிருக்கலாமே. அதுவும் உங்க வட்டச் சதுரம் மாதிரியா?"

"இல்லை." கோபத்திலும் தன் பாடத்தில் அவரால் பொய் சொல்ல முடியவில்லை. "சிவப்பு வெள்ளையா மாறுறதுல முரண் எதுவும் இல்லை. அவரால மாத்த முடியும்."

"பிறகு ஏன் மாத்தலை?"

"தெரியலை."

அந்தச் சொல்லை அந்த மடத்தில் அவர் சொன்னது அதுவே முதல் தடவை. தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

உலகம்மை இரண்டு பூக்களையும் எடுத்து லிங்கத்தின் மேல் சாத்தினார்.

"ஆவுடை என்ன சொல்றாங்க?"

"அவகிட்டச் சொல்லலை. வெறும் தலைவலி, ரெண்டு நாள்ல வீட்டுக்குப் போயிரலாம்னு சொல்லி வச்சிருக்கோம். பையனும் சொல்ல வேண்டாம்னுட்டான்."

"அவங்க கேக்கலையா?"

"காலையில கேட்டா, டாக்டர் என்ன சொன்னாருன்னு. நான் பேப்பரை எடுத்துப் படிக்க ஆரம்பிச்சுட்டேன்."

"பயந்துருவாங்கன்னா?"

"அது மட்டும் இல்லை." கையில் இருந்த நாரை விரலில் சுற்றினார். "அவகிட்டக் கேட்டதுக்குப் பதில் வராதும்மா. கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷம். ஒரு தடவை காபியா டீயான்னு கேட்டேன், மழை வர்ற மாதிரி இருக்கு, கொடியில துணி கிடக்குன்னு சொன்னா. இதுவா அதுவான்னா, ஒருநாளும் ரெண்டுல ஒண்ணைச் சொன்னதில்லை. இன்னைக்குப் போய்க் கேட்டா என்ன சொல்லுவாளோ."

"துணி நனைஞ்சுதா?"

"என்னது?"

"அன்னைக்கு. துணி நனைஞ்சுதா?"

அம்பலவாணர் யோசித்தார். "இல்லை. நான்தான் போய் எடுத்துட்டு வந்தேன். உள்ள கொண்டுவந்து போடும்போதே மழை பிடிச்சுக்கிட்டுது."

மறுபடியும் ஹாரன் கேட்டது. மணி மூன்று பத்து.

உலகம்மை வாசலுக்குப் போனார். குனிந்து, அம்பலவாணரின் செருப்பை எடுத்து, தெருவைப் பார்க்கத் திருப்பி வைத்தார்.

"அம்மா, நீங்க போய் அதை..." அம்பலவாணர் பதறி எழுந்து வந்தார்.

"நாலு மணி வரைக்கும் அவங்களுக்குப் பேச்சு இருக்கு, பேராசிரியரே," என்றார் உலகம்மை.