வேலாயியின் மஞ்சள் பல்

வேலாயி என்ற முள்ளம்பன்றிக்குத் தன்மேல் ரொம்பப் பெருமை. அவள் நடந்தால் முள்ளெல்லாம் சலசலக்கும். சிறுத்தைகூட ஒதுங்கி வழிவிடும். அந்தக் காட்டில் அவளைப்போல் மிடுக்காக நடக்க இன்னொருவர் கிடையாது.

அந்த மிடுக்கு ஒருநாள் காலையில் மடுக்கரையில் உடைந்தது. தண்ணீர் குடிக்க வந்த முயல் மல்லி, வேலாயியின் வாயைப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

"ஏன்க்கா, அது பல்லா? மஞ்சக்கிழங்கக் கடிச்சுக்கிட்டே வந்துட்டீங்களோன்னு நெனச்சேன்."

மல்லியின் பல் அரிசி போல வெள்ளை. வேலாயி விறுவிறுவென்று வளைக்குத் திரும்பினாள். அன்று முழுக்கத் தன் இரண்டு குட்டிகளிடம்கூடப் பல்லைக் காட்டவில்லை. இன்னும் மூன்று நாளில் நாவல் மரத்தடியில் விருந்து. காடே கூடும். அங்கே வெள்ளைப் பல்லோடு போய் நிற்கவேண்டும் என்று முடிவு கட்டிக்கொண்டாள்.

அவள் புருஷன் கொம்பையன் ஒரு வழி சொன்னான். மடுக்கரையில் ஆள்காட்டிக் குருவி இருக்கிறார். தினமும் முதலையின் வாய்க்குள் நின்று பல்லிடுக்கைச் சுத்தம் செய்கிறவர். பல் என்றால் அவர்தான் வைத்தியர். அவரிடம் காட்டிவிட்டு எதையும் செய்யலாம் என்றான். ஆனால் அங்கே நரியும் காட்டுப்பன்றியும் கரடியும் வரிசையில் காத்திருந்தன. வேலாயியின் முறை வர நாலு நாள் ஆகும்.

கிளையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த குரங்கு தாண்டவன் கீழே இறங்கினான். எலுமிச்சையைப் பிழிந்து, எரிந்த பட்டமரத்துக் கரியையும் ஆற்று மணலையும் குழைத்துத் தேய்த்தால் ஒரே நாளில் வெளுத்துவிடும் என்றான். அவனுக்கு அவன் அம்மா அப்படித்தான் தேய்த்துவிட்டாளாம்.

"எல்லாம் வாசல்லயே கெடக்கு. இதுக்குப் போயி முதலை பக்கத்துல நாலு நாள் நிக்கணுமா?" என்று புருஷனைக் கேட்டாள் வேலாயி.

தேய்த்தாள். காலையில் தேய்த்தாள், மத்தியானம் தேய்த்தாள், பொழுது சாயும்போதும் தேய்த்தாள். மறுநாளும் விடவில்லை. மஞ்சள் போகப் போக அவளுக்கு உற்சாகம் தாங்கவில்லை. தண்ணீர் பட்டால் பல் சுரீர் என்றது. அழகு வரும்போது கொஞ்சம் கூசத்தான் செய்யும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் காலையில், முறையை முன்னால் தரச்சொல்லிக் கேட்டுப் பார்க்கிறேன் என்று கொம்பையன் வைத்தியரிடம் போயிருந்தான். வேலாயி குட்டிகளை வளைக்குள் விட்டுவிட்டு, வாசலை ஒட்டிய ஓடைத் தண்ணீரில் தன் பல்லைப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அப்போது மழை கொட்டியது. மேட்டு மண் சரிந்தது. கை தடிமன் உள்ள ஒரு வேர் அப்படியே இறங்கி வளையின் வாயை அடைத்துக்கொண்டது. ஓடைத் தண்ணீர் உள்ளே புகுந்தது. குட்டிகள் அலறின.

வேலாயி ஓடிவந்து வேரைக் கடித்தாள். உச்சந்தலை வரை வலி தெறித்தது. மறுபடி கடித்தாள். பல் பதியவே இல்லை. எத்தனையோ வேரை முறுக்குப் போல நொறுக்கிய வாய் அது. இன்று வேரின் பட்டையைக்கூடக் கிழிக்க முடியவில்லை. அவள் மண்ணைக் கையால் பறித்தாள். பறிக்கப் பறிக்கச் சேறு வந்து மூடியது.

நல்லவேளை, கொம்பையன் திரும்பி வந்தான். பின்னாலேயே நனைந்தபடி வைத்தியரும் வந்தார். கொம்பையன் வேரிடம் பாய்ந்தான். தன் மஞ்சள் பல்லை வேரில் பதித்தான். கரக், கரக் என்று நாலே கடி. வேர் இரண்டாகப் போனது. கழுத்தளவுத் தண்ணீரிலிருந்து குட்டிகள் இரண்டும் வெளியே தாவி அம்மாவின் வயிற்றுக்கடியில் ஒண்டிக்கொண்டன.

வைத்தியர் வேலாயியின் வாயைத் திறந்து பார்த்தார்.

"அழுக்குன்னு நெனச்சியாம்மா? ஒங்க கூட்டத்துக்கு அந்த மஞ்சள்தான் பல்லோட பலம். அதப்போயி சொரண்டிட்டியே."

"ஒங்ககிட்ட வந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"ஒண்ணும் பண்ணியிருக்க மாட்டேன். தொடாம வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். தொடக்கூடாத பல்லு எதுன்னு தெரிஞ்சவன்தான் வைத்தியன்."

முள்ளம்பன்றிக்குப் பல் வளர்ந்துகொண்டே இருக்கும், தேய்ப்பதை நிறுத்தினால் மஞ்சள் தானே திரும்பும் என்றும் சொன்னார். அப்போதுதான் வேலாயிக்கு மூச்சே வந்தது.

மழை விட்டதும் விருந்து நடந்தது. வேலாயி புருஷனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, என் வீட்டுக்காரர் பல்லைப் பாருங்கள் என்று எல்லோரிடமும் காட்டினாள். கொம்பையனுக்கு வெட்கம். ஆனாலும் வாயை மூடவில்லை.

நாவல்பழம் தின்று தின்று மல்லியின் அரிசிப் பல் கருநீலமாகிவிட்டது. அவள் மெல்ல நெருங்கி வந்து, "அக்கா, நீங்க என்னமோ எலுமிச்சை, கரின்னு தேய்ச்சீங்களாமே" என்று இழுத்தாள்.

வேலாயி முள்ளைச் சலசலவென்று சிலிர்த்து நிமிர்ந்து நின்றாள்.

"மடுக்கரைக்குப் போயி வரிசையில நில்லு மல்லி. முதலை ஒண்ணும் கடிக்காது. அடுத்த மழைக்குள்ள இங்க என் வாயில மஞ்சக்கிழங்கு மொளைச்சிரும், அப்ப வந்து பாரு."

நம் உடம்பில் கை வைக்கும் முன்னே, அடுத்தவர் பல்லைப் பார்த்து ஏங்காமல், விவரம் தெரிந்தவரிடம் நம் பல்லைக் காட்டிக் கேட்க வேண்டும்.